முந்தி அரைச்சது என்ன?

பித்தளைக் குண்டாவின் விளிம்பில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எங்கள் மில் பூனை எழுந்து நின்றது. கறுப்பி என்று பெயர். இயந்திரத்திலிருந்து மாவு இறங்கும் துணிக்குழாயின் பக்கம் மூக்கை நீட்டியது. பிறகு ஒரு குரல் கொடுத்தது. மீன்காரரின் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் கொடுக்கிற குரல்.

குண்டாவுக்குள் விழுந்துகொண்டிருந்தது பச்சரிசி மாவு. அம்மன் கோயில் தேரன்று மாவிளக்கு வைப்பதற்காக அகிலாண்டம் அம்மா விரதமிருந்து, தன் கையால் ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்திக் கொண்டுவந்த அரிசி.

என் மகள் தவமணி பூனையைப் பார்த்தாள். நான் தவமணியைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறியதை அந்த மாவுப் புகைக்குள்ளும் கண்டேன்.

அடுத்து அவள் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பயம் வருகிறது. அதோடு, சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஒரு குதூகலமும் வருகிறது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்

தவமணி பக்கத்து ஊர் யட்டவத்தவில் இரண்டாவது மில் திறக்க இடம் பார்த்துவிட்டாள். சந்தைக்குப் பக்கத்தில், தகரக் கூரை, நல்ல மின்சாரம். போன கிழமை வந்து என் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்க டீச்சராச்சே. யாவாரம் நிலைக்கிறதுக்கு நாலு விதி எழுதித் தாங்க. சுவத்துல மாட்டுறேன்."

"எனக்கு என்னடி தெரியும்? எனக்குப் பயப்பட மட்டுந்தான் தெரியும்."

"அப்ப அதையே எழுதுங்க."

சரி என்று தாளை எடுத்து உட்கார்ந்தேன். நேர்மை என்று எழுதினேன். அடித்தேன். சுத்தம் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதிப் போடுகிற சொற்களாக வந்தன. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அந்தப் பூனைதான் திரும்பத் திரும்ப வந்து நின்றது.

ஆகவே விதிகளுக்குப் பதிலாக இந்த வாரம் இந்தப் பத்தியில் பூனையின் கதை.

பார்த்து நிற்கிறவர்கள்

மாத்தளை டவுனில் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் மில். என் கணவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். அவருக்கு மோட்டார் சத்தம் இல்லாமல் இருக்க முடியாது. எனக்கு மாதச் சம்பளம் இல்லாமல் இருக்க முடியாது. அவர் வென்றார்.

இரண்டு இயந்திரங்கள். ஒன்று மிளகாய், மல்லி, தூள் வகைக்கு. மற்றது அரிசிக்கு.

மில் வைத்த புதிதில் எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. சாமானைக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய் வரலாமே, யாரும் போகமாட்டார்கள். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். மில்லில் மிளகாய் நெடிக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, துணிக்குழாயின் அடியில் தங்கள் டின்னைப் பிடித்தபடி நிற்பார்கள். கடைசித் தூள் விழுந்த பிறகு குழாயை ஒரு தட்டுத் தட்டுவார்கள். உள்ளே ஒட்டியிருப்பதும் அவர்களுடையதல்லவா?

சிங்களப் பெண்கள் தூளைக் கறுக்க வறுத்துக் கொண்டுவருவார்கள். முஸ்லிம் வீட்டுச் சாமானில் பட்டையும் ஏலமும் மணக்கும். எங்கள் ஆட்களுக்கு மல்லி தூக்கலாக இருக்கவேண்டும். ஒரு வீட்டுத் தூள் இன்னொரு வீட்டுக்கு ஆகாது. யாருக்கும் யாரிலும் வெறுப்பு இல்லை. அவரவர் கறி அவரவர்க்கு.

ஒரு நாள் எரிச்சலில் நான் இவரிடம் சொன்னேன்: "நம்மள நம்பாமத்தானே இப்படிக் காவல் நிக்கிறாங்க?"

"நம்புறதாலதான் இங்க வந்து நிக்கிறாங்க. நம்பாட்டி ஒரலத் தேடிப் போயிருப்பாங்களே" என்றார் இவர், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு.

நானாவின் மாசி

அது எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் ஒவ்வொன்றாகக் கடைகளில் காணாமல் போன காலம். அரிசியை அளந்து சாப்பிட்டோம். மிளகாயைப் பார்த்துப் பார்த்துக் கிள்ளினோம். மாலைதீவிலிருந்து வருகிற மாசிக் கருவாடு கண்ணில் படுவதே அபூர்வம். கட்டையாகக் காய்ந்திருக்கும் அந்த மாசியை இடித்துப் போடாமல் இந்த ஊரில் எந்தச் சம்பலும் சம்பல் ஆகாது.

அப்படிப்பட்ட நாளில், டவுனிலேயே கொங்காவலையில் பலசரக்குக் கடை வைத்திருந்த சலீம் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம்) ஒரு சாக்கோடு வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், மூக்கப் புடிச்சுக்கோங்க. மயங்கி விழுந்துருவீங்க. என்ன கொண்டு வந்திருக்கேன்னு பாருங்க!"

மாசி! சாக்கு நிறைய மாசி. தூளாக்கிச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி விற்கத் திட்டம். எங்கள் மில்லுக்கு அதுவரை அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. தவமணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போது அவள் பள்ளிக்கூடம் முடித்து, மில்லே கதி என்று அப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

ஆனால் தூள் இயந்திரத்தின் பெல்ட் அந்தக் கிழமைதான் அறுந்திருந்தது. புதுப் பெல்ட் கொழும்பிலேயே கிடைக்கவில்லை. வந்த வேலை காத்திருக்காது. நானாவைத் திருப்பி அனுப்பினால் அவர் கண்டிக்குப் போய்விடுவார்.

அப்பாவும் மகளும் பேசி, அரிசி இயந்திரத்தில் மாசியை அரைத்தார்கள். அரைத்து முடித்ததும் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தார்கள். குறுணல் அரிசியைப் போட்டு ஓட்டினார்கள். மறுபடி ஓட்டினார்கள். கடைசியாக விழுந்த மாவை இவர் முகர்ந்தார். தவமணி முகர்ந்தாள். என்னிடமும் நீட்டினார்கள். நானும் முகர்ந்தேன். அரிசி வாசம்தான். வேறு ஒன்றுமே இல்லை.

நாங்கள் மூன்று பேரும் வருடக்கணக்காக அந்த மில்லுக்குள் மூச்சு விட்டவர்கள். எங்கள் மூக்கில் மிளகாயும் மல்லியும் நற்சீரகமும் குடியேறி, புதிதாக எந்த வாசமும் நுழைய இடமில்லாமல் போயிருந்தது. எங்கள் சேலையில் தூள் மணக்கிறது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட மூக்குகளை நாங்கள் சாட்சிக்குக் கூப்பிட்டோம்.

கறுப்பியைக் கூப்பிட்டிருக்கவேண்டும்.

சுவிட்சை அணைத்தாள்

மறுநாள் காலை. தெருவெல்லாம் தோரணம். கோயில் பக்கமிருந்து நாதஸ்வரம். மில்லுக்குள் நிற்க இடமில்லை. எல்லார் கையிலும் மாவிளக்கு அரிசி.

முதல் ஆளாக அகிலாண்டம் அம்மா. கோயில் காரியங்களில் தலைமுறையாக முன்னிற்கிற குடும்பம். உரலில்தான் இடிப்பேன் என்று பல காலம் பிடிவாதமாக இருந்தவர், அந்த வருடம் தோள்வலியால் முதன்முதலாக மில்லுக்கு வந்திருந்தார். அவர் வந்ததால்தான் அவர் தெருவே பின்னால் வந்திருந்தது. அவரைக் கண்டதும் நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தது போல.

"மிசினு சுத்தமா இருக்கா டீச்சர்?"

"சுத்தமா இருக்குங்கம்மா. நேத்துத்தான் கழட்டித் துடைச்சாங்க."

பாதி அரிசி இறங்கியிருக்கும். கறுப்பி வந்தது. முதலில் நான் சொன்ன அந்தக் குரலைக் கொடுத்தது.

தவமணி கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தாள். இயந்திரம் முனகி முனகி நின்றது. அந்த அமைதியில் அவள் குரல் தெருவரைக்கும் கேட்டது.

"பெரியம்மா, இந்த மாவ எடுக்காதீங்க. நேத்து இந்த மிசின்ல மாசி அரைச்சோம். கழட்டித் துடைச்சோம், ஆனா போகல. யாரும் இதுல அரைக்காதீங்க."

அகிலாண்டம் அம்மா மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தார். குனிந்தார். முகர்ந்தார். நிமிர்ந்தார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குண்டாவை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு படியிறங்கினார். அவருக்குப் பின்னால் ஒருவர், இன்னொருவர், பிறகு எல்லாரும். கொஞ்ச நேரத்தில் மில்லுக்குள் நாங்கள் மூவரும் பூனையும்தான்.

அந்த மாவை இவர் வாழைக்குழியில் கொட்டினார். அரிசிக்கு வரிசையில் நிற்கிற நாளில் வெள்ளை வெளேரென்ற மாவு மண்ணுக்குள் போவதைப் பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இவ்வளவு சத்தமாவாடி சொல்லணும்? அவங்க காதுல மெதுவாச் சொல்லியிருக்கலாமே" என்றேன் மகளிடம்.

"காதுல சொன்னா அது அடுத்த காதுக்குப் போறப்ப வேற மாதிரிப் போகும்மா. மாசி மாட்டெறச்சியாயிரும். நாமளே சத்தமாச் சொல்லிட்டா மாசி மாசியாவே இருக்கும்."

பிறகு என் மடியில் விழுந்து அழுதாள்.

குண்டா திரும்பிப் போனது

குண்டாவைப் புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கி, நானும் தவமணியும் கொண்டுபோனோம். அகிலாண்டம் அம்மா வாசலுக்கு வரவில்லை. "கேட் பக்கத்துல வச்சிட்டுப் போகச் சொல்றாங்க" என்று மருமகள் வந்து சொன்னாள். வைத்துவிட்டு வந்தோம்.

அவருடைய மாவிளக்கு அந்த வருடம் யார் வீட்டு உரலிலோ இடிபட்டு, நேரத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

அவர் தெரு எங்கள் மில்லை மறந்தது. அவர் வந்தால் அவர்கள் வருவார்கள். அவர் வராவிட்டால் மில்லை மூடவேண்டியதுதான். நான் மறுபடி பள்ளிக்கூட வேலைக்கு எழுதிப் போடலாமா என்று யோசித்தேன். பெண் பிள்ளையை இந்தத் தொழிலில் இழுத்துவிட்டோமே என்று இரவும் பகலும் புலம்பினேன்.

சலீம் நானா விஷயம் கேட்டு ஓடிவந்தார். வழக்கமான பகிடி இல்லை.

"என்ட மாசியாலதானே, மகள், இவ்வளவும்?"

"உங்க மாசி நல்ல மாசிதான் நானா. எங்க மூக்குத்தான் பழுது" என்றாள் தவமணி.

அவர் இரண்டு இயந்திரங்களையும் சுற்றிவந்து பார்த்தார். பிறகு, "என்ட கடைக்குப் பின்னால கொட்டில் சும்மா கெடக்கு. தூள் மிசினத் தூக்கி அங்க போடுங்க. மாசி, கருவாடு, மிளகா எல்லாம் அங்க. இங்க அரிசியும் உளுந்தும் மட்டும். ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தாத்தானே கொழப்பம்?" என்றார்.

பெல்ட் கிடைத்ததும் அப்படியே செய்தோம். தூள் இயந்திரத்தை என் கணவர் அங்கே போய்ப் பார்த்துக்கொண்டார். அரிசி இயந்திரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தபோதுதான், துணிக்குழாயின் தையல் மடிப்புக்குள் மாசித்தூள் களிபோல ஒட்டியிருந்ததைக் கண்டோம். அந்தத் துணியை எரித்தோம். புதுக்குழாயை மடிப்பே இல்லாமல் தவமணி தைத்தாள்.

கேலியிலிருந்து பிறந்தது

அடுத்த ஞாயிறு இரத்தோட்டை பஸ்ஸில் இரண்டு மூன்று பேர்தான் வந்தார்கள். அதில் ஒருத்தி வாய்க்காரி. டின்னை நீட்டுவதற்கு முன் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்:

"ஏ புள்ள, முந்தி என்னா அரைச்ச? சொறாவா, நெத்தலியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. தவமணி அசையவில்லை. அதே உரத்த குரலில், "முந்தி அரைச்சது சிவப்பரிசி!" என்றாள்.

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி உளுந்து!"

"அட, மறைக்காமச் சொல்லுதே" என்று அவள் டின்னைக் கொடுத்தாள்.

அடுத்தவள் கேட்கவில்லை. ஆனாலும் தவமணி சொன்னாள். "முந்தி அரைச்சது பச்சரிசி!" அதற்கடுத்தவளுக்கும். சிங்களப் பெண் வந்தால் சிங்களத்தில். நாள் முழுக்க, ஒவ்வொரு குண்டாவுக்கும், ஒவ்வொரு டின்னுக்கும், சுவிட்சைப் போடுமுன் தெருவுக்குக் கேட்க ஒரு கூவல்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கல்யாண வயதுப் பெண், சந்தையில் ஏலம் விடுகிறவர் மாதிரிக் கத்துகிறாள்! ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. இரத்தோட்டை பஸ் கொண்டக்டர் எங்கள் மில்லைத் தாண்டும்போது படியில் தொங்கிக்கொண்டே கத்துவார்:

"முந்தி எறங்கினது கிழவி! இப்ப ஏறுறது கொமரி!"

"போடா, ஒன் பஸ்ஸக் கழுவி எத்தின வருசம்?" என்று வரிசையில் நிற்கிறவர்கள் பதில் கொடுப்பார்கள். தவமணி சிரிப்பாள். நான் உள்ளே போய் ஒளிந்துகொள்வேன்.

ஆனால் ஒன்று நடந்தது. அந்தக் கேலியைக் கேட்பதற்கென்றே ஆட்கள் நின்றார்கள். நின்றவர்கள் அரிசி கொண்டுவந்தார்கள். முறுக்கு மாவுக்கு உளுந்து அரைத்த அடுத்த முறை தங்களுக்கு வேண்டாம் என்பவர்கள் ஒதுங்கி நின்று, தங்களுக்கு ஒத்த முறை வந்ததும் முன்னால் வந்தார்கள். வரிசையே தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொண்டது. இவர் மத்தியானம் சாப்பிட வந்தால் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். மில் மூச்சு விடத் தொடங்கியிருந்தது.

அகிலாண்டம் அம்மாவின் தெருவிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை.

மறுபடி தேர்

ஒரு வருடம் ஓடியது. மறுபடி தோரணம், நாதஸ்வரம். மூன்று நாளாக அரிசியைத் தவிர இயந்திரத்தில் ஒன்றும் போடவில்லை. தவமணி கூவிக் கூவித் தொண்டை கட்டி, காற்று மட்டும்தான் வந்தது. சுக்கும் மிளகும் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். பலனில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் பித்தளை பளிச்சிட்டது.

அகிலாண்டம் அம்மா. அதே குண்டா. பின்னால் மருமகள். தெருவில், சற்றுத் தள்ளி, ஏழெட்டுப் பெண்கள் வருவதா போவதா என்று நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர் அரிசியை நீட்டவில்லை. இயந்திரத்தின் முன் வந்து நின்றார். காத்திருந்தார்.

தவமணி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தாள்.

"என்ன டீச்சர்," என்றார் அகிலாண்டம் அம்மா, "ஊருக்கே சொல்லுறீங்களாம். எனக்கு மட்டும் கெடையாதா?"

வகுப்பறைக்கு வெளியே நான் குரல் உயர்த்தினவள் அல்ல. இயந்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"முந்தி... முந்தி அரைச்சது பச்சரிசிங்கம்மா."

"எனக்குக் கேட்டுச்சு. அந்தா நிக்கிறாங்களே, அவங்களுக்குக் கேக்கணும்."

மூச்சை இழுத்தேன். கத்தினேன்.

"முந்தி அரைச்சது பச்சரிசி! அதுக்கு முந்தியும் பச்சரிசி! மூணு நாளா இதுல அரிசி தவிர ஒண்ணும் போடல!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. தெருவில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். அகிலாண்டம் அம்மா அரிசியைக் கொடுத்தார். தவமணி சுவிட்சைப் போட்டாள். மாவு இறங்கியது, புது வேட்டி மாதிரி வெள்ளையாக.

கடைசிப் பிடி விழுந்ததும் அவர் குண்டாவைத் தூக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்தப் பூனை எங்க?"

தவமணி உள்ளே ஓடிக் கறுப்பியைத் தூக்கிவந்து, தரையில் விட்டாள். வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. கறுப்பி குண்டாவின் பக்கம் போனது. தூரத்திலேயே நின்று மூக்கை நீட்டியது.

கறுப்பி ஒரு தும்மல் போட்டது. வாலைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போய்ப் படுத்தது.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அகிலாண்டம் அம்மாவாகத்தான் இருக்கவேண்டும். அந்த முகத்தில் சிரிப்பை நான் அன்றுதான் பார்த்தேன். குண்டாவை இடுப்பில் வைத்து, படியிறங்கி, தெருவில் நின்ற பெண்களைப் பார்த்துத் தலையை ஒரு அசைப்பு. அவ்வளவுதான். அவர்கள் உள்ளே வந்தார்கள்.

அடுத்தவள் அரிசியை நீட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். தவமணியும் பார்த்தாள். வழக்கத்தை விடக்கூடாதல்லவா? இந்த முறை நான் யாரும் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. வாசல்வரை போனேன். இரத்தோட்டை பஸ் அப்போதுதான் வந்து நின்றது. கொண்டக்டர் வாயைத் திறக்குமுன் முந்திக்கொண்டேன்.

"முந்தி அரைச்சது," என்று பஸ்ஸுக்கும் தெருவுக்கும் கோயிலுக்கும் கேட்கக் கூவினேன், "அகிலாண்டம் அம்மா வீட்டு மாவிளக்கு அரிசி!"